உலோகத்தின் மேல் ஒற்றை அணுவைப் படம் எடுப்பது எப்படி?

பினாங்கில் ஏர்கோன் அறையிலிருந்து வெளியே வந்தால் மூக்குக்கண்ணாடி உடனே பனித்துவிடும். இந்த ஈரம்தான் நமக்கு முதல் எதிரி. காற்றில் வைத்த உலோகத்தின் மேல் நீர்ப்படலம் ஒட்டிக்கொள்ளும். செம்பு என்றால் ஆக்சைடும் சேரும். நம் கருவி அணுவிசை நுண்ணோக்கி: ஊசிக்கும் பரப்புக்கும் இடையிலான விசையை உணர்ந்து படம் தருவது. அழுக்குப் பரப்பின் மேல் அதன் ஊசியை எப்படி ஓட்டினாலும் தனி அணு தெரியாது. ஆகவே 10⁻¹⁰ மில்லிபார் அளவுக்கு வெற்றிடக் கலன் வேண்டும்.

முதல் வேலை, செம்புப் படிகத்தின் (111) முகத்தை, அதாவது அணுக்கள் நெருக்கமாக அடுக்கிய வெட்டுமுகத்தை, சுத்தம் செய்வது. ஆர்கான் அயனிகளால் அடித்தால் அழுக்கு போகும், ஆனால் பரப்பு கரடுமுரடாகும். சுமார் 500 டிகிரி செல்சியசுக்குச் சூடாக்கினால் அணுக்கள் நகர்ந்து மட்டமாகிவிடும். இதையே திரும்பத் திரும்பச் செய்யுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் இங்கே அவசரப்பட்டால் பிறகு எதுவும் கைகொடுக்காது.

அப்புறம் திரவ ஹீலியத்தால் 4 கெல்வின் அருகே குளிர்விக்க வேண்டும். குளிர்ந்த பரப்பில் இரும்பு அணுக்களை அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தூவுங்கள். சூடு இருந்தால் அவை ஓரிடத்தில் நிற்காது.

இனி ஊசி. எனக்குப் பிடித்த பகுதி இதுதான். லிட்டில் இந்தியா கடையில் வாங்கிய சுவர்க் கடிகாரத்தைப் பிரித்தால் உள்ளே அரிசி நீளத்தில் ஒரு உலோகக் குப்பி இருக்கும். அதற்குள் நொடிக்கு 32,768 முறை அதிரும், இரண்டு கால் கொண்ட குவார்ட்ஸ் கவை. அப்படிப்பட்ட கவையின் ஒரு காலை அசையாமல் ஒட்டி, மறு காலில் டங்ஸ்டன் ஊசியைப் பொருத்தியதுதான் க்யூபிளஸ் உணரி. விறைப்பு மீட்டருக்கு 1,800 நியூட்டன். ஊசியைத் தாங்குவது வளையும் மெல்லிய தகடு என்றால் பரப்பு அதை வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும், இது அப்படி இழுபடாது. அதிர்வின் வீச்சை 50 பிக்கோமீட்டருக்கு வையுங்கள். பக்கத்துப் பக்கத்துச் செம்பு அணுக்களின் இடைவெளியே 255 பிக்கோமீட்டர்தான்.

நுனி இன்னும் கூராக வேண்டும். அதற்குப் பரப்பில் கொஞ்சம் கார்பன் மோனாக்சைடு மூலக்கூறுகளைப் படியவிட்டு, ஒன்றை ஊசி நுனியில் தொற்றவையுங்கள். ஊசிக்கும் பரப்புக்கும் இடையே தொடாமலே பாயும் சுரங்க மின்னோட்டத்தை வைத்தும் படம் எடுக்கலாம். அந்தப் படத்தில் முன்பு கரிய பள்ளமாகத் தெரிந்த, பரப்பில் மீதமுள்ள மூலக்கூறுகளின் நடுவில் இப்போது வெளிச்சப் புள்ளி தெரிந்தால், தொற்றிவிட்டது.

சரி, படம். உயரத்தை மாற்றாமல் ஊசியை ஓட்டி, கவையின் அதிர்வெண் எவ்வளவு விலகுகிறது என்று பாருங்கள். ஈர்ப்பு இருந்தால் குறையும், நெருங்கி விலக்கல் வந்தால் கூடும். 2015-இல் ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்க் பல்கலைக்கழகக் குழு இப்படிப் பார்த்தபோது ஒற்றை இரும்பு அணு உளுந்துவடை மாதிரி வளையமாகத் தெரிந்தது!

பிசிறே இல்லாமல் வரிசையாகப் புள்ளிகள் வந்தால் துள்ளிக் குதிக்காதீர்கள். ஓட்டும் வேகத்தை மாற்றிப் பாருங்கள். என் முதல் 'அணுக்களில்' வேகத்தை இரட்டித்ததும் இடைவெளியும் இரட்டித்தது. நான் படம் பிடித்தது மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலை.