வந்து சேராத ஜி.ஆர்.இ. மதிப்பெண்

கடலூரிலிருந்து அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றுக்கு விண்ணப்பித்திருந்தேன். மேற்படிப்புச் சேர்க்கைக்கான ஜி.ஆர்.இ. தேர்வில் நான் பெற்ற மதிப்பெண் அங்கே அனுப்பப்பட்டுவிட்டதாக என் தேர்வுக் கணக்கு காட்டியது. விண்ணப்ப நிலையிலோ வாரக்கணக்கில் ‘பெறப்படவில்லை’ என்றே இருந்தது.

பல்கலைக்கழகத்தின் குறியீட்டு எண் சரியாகவே இருந்தது. கட்டணம் செலுத்தி மறுபடியும் அனுப்பியதில் பணம் போனதுதான் மிச்சம்.

பிறகுதான் பெயரைக் கவனித்தேன். கடவுச்சீட்டில் உள்ளபடி பெயர் இருந்தால்தான் தேர்வறைக்குள் விடுவார்கள் என்பதால், தகப்பனார் பெயர் முழுமையாக விரிந்து குடும்பப் பெயராக நிற்கும் வடிவிலேயே தேர்வுக்குப் பதிவு செய்திருந்தேன். கல்லூரி மதிப்பெண் பட்டியலோடு ஒத்திருக்க வேண்டிய விண்ணப்பத்திலோ ஒற்றை இனிஷியல் மட்டுமே இருந்தது. நம் ஊரில் இரண்டும் ஒருவரே என்பது எவருக்கும் புரியும். பெயரையும் பிறந்த தேதியையும் வைத்துக் கோப்புகளை இணைக்கும் கணினிக்கு அவர்கள் இருவர்.

சேர்க்கை அலுவலகத்துக்கு, ஜி.ஆர்.இ. பதிவு எண், தேர்வு நாள், இரு வடிவப் பெயர்கள், பிறந்த தேதி (அங்கே மாதத்தை முதலில் எழுதுவார்கள் என்பதால் மாதத்தை எழுத்தால் குறித்தேன்) ஆகியவற்றை ஒரே மின்னஞ்சலில் தெரிவித்து, கடவுச்சீட்டின் நகலையும் இணைத்தேன். அங்குள்ள அலுவலர் ஒருவர் இரு கோப்புகளையும் கையால் இணைத்தபின், நிலை ‘பெறப்பட்டது’ என மாறியது.