டம்மி பட்டனுக்கு உயிர் கொடுப்பது: கம்பெனி ஸ்விட்சில் ஃபாக் லாம்ப் (மூடுபனி விளக்கு) இணைக்கும் முறை

அடிப்படை மாடல் கார்களில் ஸ்டியரிங்குக்கு வலப்பக்கம் இரண்டு மூன்று டம்மி பட்டன்கள் இருக்கும். அமுக்கினால் அமுங்காது. அதே காரின் மேல் மாடலில் அந்த இடத்தில் ஃபாக் லாம்ப் ஸ்விட்சோ வேறொன்றோ உட்கார்ந்திருக்கும். அந்த ஸ்விட்சை ஸ்பேர்ஸ் கடையில் தனியாக வாங்கலாம். டேஷ்போர்டில் ஓட்டை போட்டு உருண்டை ஸ்விட்ச் திருகுவதைவிட இது எவ்வளவோ மேல். பேச்சிப்பாறையிலிருந்து கோதையாறு ஏறும் சாலையில் மழைக்காலக் காலை வேளையில் போகிறவர்களுக்கு ஃபாக் லாம்ப் அலங்காரம் அல்ல. அதனால் இங்கே அதையே எடுத்துக்கொள்வோம்.

முதலில் ஒரு விஷயம் மண்டையில் ஏற வேண்டும். கம்பெனி ஸ்விட்ச் கட்டளை கொடுக்க மட்டும்தான். கரண்டைச் சுமக்க அல்ல. 55 வாட் ஹாலஜன் பல்பு இரண்டு என்றால் 110 வாட், சுமார் 9 ஆம்பியர். குளிர்ந்த பல்பு எரியத் தொடங்கும் நொடியில் இழுப்பது இதைப்போல் பல மடங்கு. ஸ்விட்சுக்குள் இருக்கும் தகடோ மெல்லியது. நேராகக் கொடுத்தால் சில வாரங்களில் தகடு கருகும், சுற்றியுள்ள பிளாஸ்டிக் இளகும், பட்டன் அமுங்கியபடியே ஒட்டிக்கொள்ளும். ஆகவே நடுவில் ரிலே கட்டாயம். சின்னக் கரண்டை வாங்கிக்கொண்டு பெரிய கரண்டைத் திறந்து மூடும் மின்காந்த ஸ்விட்ச் அது. ரிலேக்குள் இருக்கும் காயில் (கம்பிச்சுருள்) சுமார் 90 ஓம், இழுப்பது 0.13 ஆம்பியர்தான். அதை எந்த ஸ்விட்சும் தாங்கும்.

ஹசார்டு ஸ்விட்ச், ஏர்பேக் அல்லது ஏபிஎஸ் தொடர்பான பட்டன், இவற்றின் பக்கமே போக வேண்டாம். மஞ்சள் நிறக் கப்ளரோ (ஒயர்களைச் செருகிச் சேர்க்கும் பிளாஸ்டிக் இணைப்பு) மஞ்சள் உறை போட்ட ஒயரோ தெரிந்தால் அது ஏர்பேக். கை வைக்காதீர்கள்.

வாங்கிய ஸ்விட்சை மாட்டும் முன் மேசையில் வைத்து மல்டிமீட்டரால் படிக்க வேண்டும். இந்தப் பதினைந்து நிமிடத்தை மிச்சப்படுத்துகிறவர்கள்தான் பிறகு இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். மீட்டரைப் பீப் நிலையில் வையுங்கள். பட்டனை அமுக்கி, இரண்டிரண்டு பின்னாகத் தொட்டுப் பாருங்கள். அமுக்கியதும் பீப் அடித்து, மறுபடி அமுக்கியதும் நிற்கிற ஜோடிதான் உங்களுக்கு வேண்டியது. ஓம் அளவு 1-க்குக் கீழே இருக்க வேண்டும். கையை எடுத்த உடனே பீப் நின்றுவிட்டால் அது அமுக்கி விடும் வகை. பின்கண்ணாடி டீஃபாகர் ஸ்விட்ச் பெரும்பாலும் அப்படித்தான். அதற்கு ஒரு அமுக்கில் ஆன், மறு அமுக்கில் ஆஃப் என்று நிலைத்து நிற்கும் லாச்சிங் ரிலே மாட்யூல் தனியாக வேண்டும், சாதா ரிலே போதாது.

இன்னொரு வகையும் உண்டு. அமுக்கினால் 0 வராமல் 470 ஓம், 1000 ஓம் என்று ஏதாவது காட்டும். இது கார் கம்ப்யூட்டருக்கு சிக்னல் தரும் ஸ்விட்ச். 470 ஓம் ஸ்விட்சோடு 90 ஓம் காயிலைத் தொடராகச் சேர்த்தால் காயிலுக்குக் கிடைப்பது 2 வோல்ட்கூட இல்லை. ரிலே இழுக்கவே இழுக்காது. அப்படியானால் வேறு ஸ்விட்ச் பாருங்கள்.

மிச்சமுள்ள பின்கள் இரவில் பட்டன் தெரிவதற்காக அதற்குள் எரியும் உள்விளக்குக்கும் ஆன் காட்டும் விளக்குக்கும். அவை எல்இடி என்றால் 12 வோல்ட்டை நேராகத் தொடக் கூடாது. உள்ளே ரெசிஸ்டர் இல்லையென்றால் அந்த நொடியிலேயே போய்விடும். 1 கிலோ ஓம் ரெசிஸ்டரைத் தொடராக வைத்துத் தொடுங்கள். எரியாவிட்டால் பிளஸ் மைனஸ் மாற்றிப் பாருங்கள். எந்தப் பின் எது என்று ஒரு தாளில் படம் போட்டு வையுங்கள். கப்ளரைத் திருப்பிப் பிடித்தால் இடம் வலமாகிவிடும், அதனால் எந்தப் பக்கமிருந்து பார்த்து வரைந்தது என்பதையும் எழுதுங்கள்.

வாங்க வேண்டியவை: 30 ஆம்பியர் நாலு கால் ரிலேயும் சாக்கெட்டும், மழைநீர் புகாத பியூஸ் ஹோல்டர், 15 ஆம்பியர் பியூஸ், பியூஸ் டேப் (இருக்கிற பியூஸின் இடத்தில் செருகி இன்னொரு பியூஸ் லைன் எடுக்கும் துண்டு) ஒன்று, அதற்கு 3 ஆம்பியர் பியூஸ், 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயர் 5 மீட்டர், 0.75 ஒயர் 5 மீட்டர், 1N4007 டயோடு, 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், வளைய லக் (ஒயர் முனையில் மாட்டும் உலோக வளையம்), பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும் குழாய்), வரிவரியான ஸ்லீவ். லாம்புக்கு 0.75 ஒயர் போதும் என்று கடையில் சொல்வார்கள். எரியும், ஆனால் போக வர 3 மீட்டரில் 0.6 வோல்ட்டுக்கு மேல் ஒயரிலேயே போய்விடும், வெளிச்சம் மங்கும், ஒயர் சுடும். 2.5-ல் அந்த இழப்பு 0.2 வோல்ட்டுக்குள்தான்.

பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். டம்மி பட்டனைத் துணி சுற்றிய பழைய ஏடிஎம் கார்டால் நெம்பினால் கீறல் விழாமல் வரும். சில கார்களில் உள்ளே கப்ளர் இன்சுலேஷன் டேப் சுற்றியபடி ஏற்கெனவே கிடக்கும். கண்டதும் மாட்டிவிடாதீர்கள், மறுமுனை எங்கே போகிறதென்று மீட்டரில் பார்த்த பிறகுதான்.

இணைப்பு இப்படி. ரிலேயின் கால்களில் எண் போட்டிருக்கும்: 30, 87 லாம்ப் கரண்டுக்கு, 85, 86 காயிலுக்கு. பேட்டரி பிளஸிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 15 ஆம்பியர் பியூஸ், அங்கிருந்து ரிலேயின் 30. ரிலேயின் 87-லிருந்து இரண்டு லாம்புக்கும். லாம்பின் மறுமுனை பாடி எர்த், அதாவது பேட்டரி மைனஸோடு சேர்ந்த காரின் இரும்பு உடல். பெயிண்டைச் சுரண்டி, வளைய லக் வைத்து இறுக்கி, மேலே கிரீஸ். ரிலேயின் 86-க்கு பியூஸ் டேப்பிலிருந்து சாவி போட்டால் மட்டும் வரும் 12 வோல்ட். 85-லிருந்து ஸ்விட்ச், ஸ்விட்சின் மறு பின் எர்த். ஸ்விட்சை ஏன் எர்த் பக்கம் வைக்கிறோம்? டேஷ்போர்டுக்குள் அந்த ஒயர் உரசி பாடியில் பட்டாலும் லாம்ப் தானாக எரியும், அவ்வளவுதான். நடுவில் காயில் இருப்பதால் தீப்பொறிக்கு இடமில்லை. ஆன் காட்டும் எல்இடியின் பிளஸை அந்த 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக 86-க்குப் போகும் அதே ஒயரிலும், மைனஸை 85 ஒயரிலும் கொடுத்தால் ஸ்விட்ச் போட்டதும் எரியும்.

டயோடை 85-க்கும் 86-க்கும் குறுக்கே வையுங்கள், வெள்ளைக் கோடு போட்ட முனை 86 பக்கம். காயில் அணையும்போது கிளம்பும் அழுத்தம் 100 வோல்ட்டைத் தாண்டும். ஸ்விட்சின் தகட்டை அரிப்பது அதுதான். திருப்பி வைத்தால் ஸ்விட்ச் போட்டதும் 3 ஆம்பியர் பியூஸ் பட்டென்று போகும்.

பியூஸ் டேப்புக்கு லைட்டர் சாக்கெட் அல்லது வைப்பர் பியூஸ் போதும். இன்ஜின் கம்ப்யூட்டர், ஏர்பேக், ஏபிஎஸ் பியூஸ்களில் ஒட்டுப்போடக் கூடாது. பியூஸை எடுத்த பின் இந்த ஒரு வேலைக்கு மட்டும் பேட்டரியை மாட்டி, சாவி போட்டு, டெஸ்ட் லேம்பால் எந்தக் காலில் கரண்ட் இருக்கிறதென்று பாருங்கள். டேப்பின் இரண்டு பியூஸுக்கும் பொதுவான கால் அந்தப் பக்கம் இருக்க வேண்டும்.

உள்விளக்கு ஒயரிலிருந்து ரிலேக்குக் கரண்ட் எடுப்பது பலர் செய்யும் தப்பு. டிம்மர் (உள்விளக்கின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைப்பது) உள்ள கார்களில் அது விட்டு விட்டு வரும் கரண்ட். ரிலே வண்டு மாதிரி ரீங்காரமிடும், சீக்கிரம் காலி. உள்விளக்கின் மைனஸை நேரே பாடியில் கொடுத்தால் சில கார்களில் டிம்மர் அந்த ஒரு பட்டனுக்கு மட்டும் வேலை செய்யாது. இரவில் அது தனியாக முறைத்துக்கொண்டிருக்கும்.

இனி நம்ம ஊர்ப் பிரச்சினை. குளச்சல், முட்டம், கன்னியாகுமரி என்று கடல்காற்று படுகிற இடத்தில் முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றிய இணைப்பு அதிக நாள் தாங்காது. டேப்பின் பசை வெயிலில் வழியும், உப்பு ஈரம் உள்ளே போகும், செம்பு பச்சைக் களிம்பாகும். கிரிம்ப் செய்து (லக்கில் ஒயரை வைத்து நசுக்கி இறுக்கி) ஹீட் ஷ்ரிங்க் போட்டு, ஓரத்தில் பசை பிதுங்கும்வரை சூடாக்குங்கள். ரிலேயின் கால்கள் கீழ்நோக்கி இருக்கட்டும். ஒயர் லாம்புக்குள் நுழையும் முன் ஒரு வளைவு கீழே தொங்கினால் நீர் அங்கே சொட்டிவிடும். ரப்பர் தோட்டத்து வீடுகளில் நிற்கும் காருக்கு எலியும் அணிலும் வேறு. ஸ்லீவ் போட்டாலும் கடிக்கும், ஆனாலும் வெறும் ஒயரைவிடத் தாங்கும். இன்ஜின் அறையிலிருந்து உள்ளே வரும்போது இருக்கிற ரப்பர் கிராமெட் (ஒயர் நுழையும் ஓட்டையைச் சுற்றிய ரப்பர் வளையம்) வழியாகவே வாருங்கள். தகட்டில் புது ஓட்டை போட்டால் முதல் மழையிலேயே கால்மிதி நனையும்.

லாம்ப் ஒரு பக்கம் மங்கலாக எரிந்தால் பத்துக்கு எட்டு தடவை அந்தப் பக்க எர்த்தான். எரியவிட்டு, லாம்பின் மைனஸுக்கும் பேட்டரி மைனஸுக்கும் இடையே வோல்ட் பாருங்கள். 0.2-க்கு மேல் காட்டினால் லக்கைக் கழற்றிச் சுரண்டி மறுபடி இறுக்குங்கள். ரிலே 'டக்' என்று சத்தம் போட்டும் லாம்ப் எரியவில்லையென்றால் 15 ஆம்பியர் பியூஸ் அல்லது 30-ஆம் கால். சத்தமே இல்லையென்றால் 3 ஆம்பியர் பியூஸிலிருந்து தேடத் தொடங்குங்கள்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வாகனத்தில் செய்யும் மாற்றங்களுக்கு வரம்பு வைக்கிறது. அந்த மாடலுக்குக் கம்பெனியே தரும் லாம்பை, பம்பரில் அதற்கென்றே உள்ள இடத்தில் மாட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வாரண்டி இருக்கும் கார் என்றால் கம்பெனி ஒயரில் ஓர் இடத்திலும் வெட்டு விழக் கூடாது. பியூஸ் டேப்பைச் சொன்னது அதற்கும்தான். கடைசியாக, பியூஸ் பெட்டி மூடியின் உட்பக்கம் 'ஃபாக் லாம்ப் 15, ரிலே 3' என்று ஒரு சீட்டு ஒட்டி வையுங்கள். நாளை வேறொரு எலக்ட்ரீஷியன் மூடியைத் திறக்கும்போது அவர் கையில் 30 ஆம்பியர் பியூஸ் இருக்கலாம்.