ஒயில் கசிவை நாமே நிறுத்தப்போய் செய்கிற பிழைகள்

மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் வீட்டு முற்றம் முழுக்கக் கடல் மணல். பைக்கின் கீழே ஒயில் சொட்டினால் மணல் குடித்துவிடும். சீமெந்துத் தரை உள்ளவர்கள் முதல் நாளே கண்டுபிடிக்கும் விஷயம், எனக்குத் தெரியவர ஒரு மாதம் போனது. உள்ளங்காலில் மணல் கறுப்பாக ஒட்டிய அன்றுதான் குனிந்து பார்த்தேன். இன்ஜினின் அடியில், ஒயில் இறக்கும் நட்டில் ஒரு துளி தொங்கியது. நட்டு லூஸ் என்று முடிவுகட்டி, நீளமான ஸ்பானரைப் போட்டு இறுக்கினேன். நிற்கவில்லை. மறுநாள் இன்னும் கொஞ்சம் இறுக்கினேன். மூன்றாம் நாள் கை திடீரென இலகுவானது. நட்டு சும்மா சுற்றத் தொடங்கியது. அலுமினியத்தில் இருந்த த்ரெட், அதாவது மரை, முழுதும் உரிந்து வந்துவிட்டது.

கராஜில் புஷ் என்ற உலோக வளையத்தைப் போட்டுப் புது த்ரெட் வெட்டிய பாஸ், கழுவித் துடைத்த இன்ஜினைக் காட்டி, "தம்பி, ஒயில் வந்தது மேலே இருந்து" என்றார். இன்ஜினின் மேலே வால்வுகளை மூடும் டப்பட் கவரின் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தது. அங்கே கசிந்த ஒயில்தான் வழிந்து அடி நட்டில் வந்து தொங்கியிருக்கிறது.

வீட்டிலேயே கசிவு பார்க்கிற பலரும் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். ஒயில் கீழ்நோக்கி வழியும். ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். அதனால் சொட்டும் இடத்தை விட்டுவிட்டு, ஈரம் தொடங்கும் ஆக உயரமான, ஆக முன்பக்க இடத்தைத் தேட வேண்டும். அழுக்கு இன்ஜினில் அது தெரியாது. ஆறவிட்டு, மண்ணெண்ணெயும் பழைய பிரஷ்ஷும் கொண்டு நன்றாகக் கழுவித் துடையுங்கள். பெற்றோல் வேண்டாம், அதன் ஆவிக்கு ஒரு சிறு பொறி போதும். காய்ந்ததும் குழந்தைக்குப் பூசும் பவுடரைத் தூவிவிட்டு, ஐந்து பத்து நிமிடம் ஓடி வந்து பாருங்கள். வெள்ளையில் கறுப்புக் கோடு எங்கே தொடங்குகிறதோ, அதுதான் கசிகிற இடம்.

இன்னொன்று, கறுப்பாக இருப்பதெல்லாம் இன்ஜின் ஒயில் இல்லை. முன் பல்லுச் சக்கர மூடிக்குள் செயின் ஒயிலும் கடற்கரை மணலும் சேர்ந்து களியாகி வழியும். அதைப் பார்த்துவிட்டு, சுழலும் தண்டைச் சுற்றி ஒயிலைத் தடுக்கும் ரப்பர் சீலை மாற்றியவர்களும் உண்டு.

இறுக்குவது பற்றி ஒரு கணக்கு. சிறிய பைக்குகளின் கவர்களில் இருக்கும் 6 மில்லிமீற்றர் போல்ட்டுக்குத் தேவையானது ஏறக்குறைய 10 நியூட்டன் மீற்றர். 10 சென்ரிமீற்றர் நீள ஸ்பானரின் நுனியில் 10 கிலோ பாரம் தொங்கினால் வரும் இறுக்கம் அது. கோபத்தில் இருக்கும் ஒரு ஆள் இதைவிடப் பல மடங்கு கொடுப்பான். அளவுக்கு மிஞ்சி இறுக்கினால் கவர் வளையும், இடையில் வைக்கும் பெக்கிங் நசுங்கிப் பிதுங்கும், கசிவு கூடும். ஒயில் இறக்கும் நட்டு கசிந்தால் முதலில் வொஷரை மாற்றுங்கள். ஒருமுறை நசுங்கிய வொஷர் மறுமுறை சரியாக இருக்காது, விலையும் பெரிதல்ல.

அடுத்தது சிலிக்கன் பசை. கசிகிற இடத்துக்கு மேலே வெளியே பூசுவது வீண்வேலை. எண்ணெய்ப் பிசுக்கில் அது ஒட்டாது. கவரைக் கழற்றி உள்ளே அள்ளி அப்புவது அதைவிட மோசம். பிதுங்கும் சிலிக்கன் வெளியே வந்தால் கண்ணில் படும். உள்ளே பிதுங்கினது உடைந்து ஒயிலோடு போய், ஒயிலை வடிக்கும் வலையில் அடைக்கும். ஒயில் ஏறாத இன்ஜின் எவ்வளவு நேரம் தாங்கும்? கடதாசி பெக்கிங் இருக்க வேண்டிய இடத்தில் கடதாசி பெக்கிங்தான். அட்டைப்பெட்டியில் வெட்டிப் போடுகிறவர்கள் ஒயில் போகும் சின்ன ஓட்டையை வெட்ட மறந்துவிடுவார்கள். பழைய பெக்கிங்கைப் பிளேட்டால் சுரண்டுவதும் அப்படித்தான். அலுமினியத்தில் ஒரு கீறல் விழுந்தால் அதுவே அடுத்த கசிவின் வழி.

நீங்களே தைரியமாகச் செய்யக்கூடிய வேலை, பல பைக்குகளில், கியர் லீவர் மாட்டும் சாப்ட்டின் (தண்டின்) ஒயில் சீல். கிழிகிற சீலும் பெரும்பாலும் மாட்டும்போதுதான் கிழிகிறது. சாப்ட்டின் நுனியில் பற்கள் இருக்கின்றன. புது சீலின் மெல்லிய உதடு அதில் உரசினால் கதை முடிந்தது. ஷொப்பிங் பையின் ஒரு துண்டைப் பற்களின் மேல் சுற்றி, ஒயில் தடவி, அதன் மேலாகச் சீலை வழுக்கி ஏற்றுங்கள். சுருள் கம்பி தெரியும் பக்கம் ஒயில் இருக்கும் பக்கம், அதாவது உள்ளே. கடைக்குப் போகும்போது பழைய சீலைக் கொண்டுபோங்கள். அதன் முகத்தில் சாப்ட்டின் விட்டம், வெளி விட்டம், தடிப்பு என்று மூன்று எண்கள் இருக்கும்.

சில கசிவுகளுக்குச் சீலே காரணமில்லை. கசிகிறதே என்று பயந்து அளவுக்கு மேல் ஒயில் ஊற்றுவார்கள். அல்லது காற்றுப் போகும் ப்ரீதர் குழாய் சேறால் அடைபட்டிருக்கும். மாரியில் வயல் பாதையில் ஓடும் பைக்குகளில் இதைப் பாருங்கள். உள்ளே அழுத்தம் ஏறினால், புது சீலாக இருந்தாலும் ஒயில் எங்காவது வழி தேடும். அளவுக் கோட்டுக்கு மேலே ஏறிய ஒயிலை இறக்கி, குழாயைத் துப்புரவாக்கிப் பார்க்காமல் எதையும் கழற்ற வேண்டாம்.

கிளட்ச் பக்கமோ, கரண்ட் எடுக்கும் மெக்னட் பக்கமோ உள்ளே இருந்து கசிந்தால், சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டுக்குக் கீழே ஈரமிருந்தால், பேசாமல் கராஜுக்குக் கொடுங்கள். கசிவை நிறுத்தும் மருந்து என்று போத்தலில் விற்பதை நம்பி நாளைக் கடத்துவது காய்ச்சலுக்குப் பனடோல் போடுவது போல. பின் டயரில் ஒயில் பட்டிருந்தால் துடைத்துக் கழுவும்வரை ஓடவே வேண்டாம். மழை நனைத்த பாலத்தில் அது வாங்கித் தரும் அடியை நினைத்துப் பாருங்கள்.

இப்போது என் முற்றத்தில் பைக்குக்குக் கீழே எப்போதும் ஒரு கடதாசி மட்டை கிடக்கும். போன கிழமை அதில் புதிதாக ஒரு துளி. பதறி ஸ்பானரை எடுத்துவிட்டுத்தான் பார்த்தேன், துளி விழுந்திருந்தது முன்சக்கரத்துக்குக் கீழே. முன் ஷொக்கின் சீல் போய்விட்டது.