ஜெனீவா அலுவலகம் முடிவு செய்யாது: ஏஐஐசி-யில் சேர நினைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஒரு மாநாட்டின் கோப்பி இடைவேளையில் ஒரு தம்பி என்னிடம் வந்தார். சுவிஸில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பிள்ளை, உரைபெயர்ப்புப் படிப்பை முடித்து நான்கு வருடமாகிறது. "அக்கா, ஏஐஐசி-க்கு விண்ணப்பிக்கப் போறன். மூன்று கையெழுத்தில ஒன்று நீங்கள் போட்டுத் தாங்கோ" என்றார். ஏஐஐசி என்பது சர்வதேச மாநாட்டு உரைபெயர்ப்பாளர் சங்கம்; அதில் சேர குறைந்தது மூன்று உறுப்பினர்களின் கையெழுத்து வேண்டும். அவர் பேசி நான் ஒரு நிமிடம்கூடக் கேட்டதில்லை. இதே கேள்வியை இதே மாதிரி ஓர் இடைவேளையில் நானும் ஒரு காலத்தில் கேட்டிருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பூத்துக்கு, அதாவது பேச்சைக் கேட்டு உடனே வேறு மொழியில் சொல்லும் எங்கள் கண்ணாடி அறைக்கு, நேரத்துக்கு வாருங்கள், இருமும்போது மைக்கை அணையுங்கள் என்பதையெல்லாம் பயிற்சியிலேயே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன். சங்கம் எப்படி இயங்குகிறது என்று தெரியாததால் வரும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

செயலகத்தை முதலாளி என்று நினைப்பது

சங்கம் 1953-இல் பாரிஸில் தொடங்கியது. செயலகம் ஜெனீவாவில் இருக்கிறது. அங்கே வேலை செய்பவர்கள் கடிதம், கணக்கு, உறுப்பினர் பட்டியல் எல்லாவற்றையும் கவனித்துக்கொள்கிறார்கள். உங்களைச் சேர்ப்பதா வேண்டாமா என்று அவர்கள் முடிவு செய்வதில்லை.

மேலே இருப்பது உறுப்பினர்களின் பொதுச்சபை. மூன்று வருடத்துக்கு ஒரு தடவை கூடும். தலைவர், துணைத் தலைவர்கள், பொருளாளர் எல்லோரையும் அதுதான் தேர்ந்தெடுக்கிறது. சட்டவிதிகளையும் தொழில்நெறிக் கோவையையும் மாற்றுவதென்றாலும் அங்கேதான். அப்புறம் பிராந்தியங்கள்: நீங்கள் எந்த ஊரைத் தொழில் முகவரியாகக் கொடுக்கிறீர்களோ, அந்தப் பிராந்தியத்தில் உறுப்பினர். சேர்க்கைக்கு, பயிற்சிக்கு, தொழில்நுட்பத்துக்கும் உடல்நலத்துக்கும், ஒழுங்கு நடவடிக்கைக்கு என்று தனித்தனிக் குழுக்கள் உண்டு. அவற்றில் இருப்பவர்கள் எல்லோரும் நேற்று பூத்தில் இருந்தவர்கள், நாளைக்கும் பூத்துக்குப் போகிறவர்கள். உலகம் முழுக்க மூவாயிரம் பேர் அளவிலான இந்தச் சங்கத்தை, உங்கள் பக்கத்து நாற்காலியில் உட்காருகிறவர்தான் நடத்துகிறார். இது மனதில் பதிந்தால் மற்றவை தானாகவே விளங்கும்.

கையெழுத்தைச் சடங்கு என்றும், 'பி'-யைப் பட்டம் என்றும் நினைப்பது

எனக்கு இரண்டு வருடம் போனது இந்தத் தவறில்தான். இன்றைக்கும் ஒவ்வொரு வருடமும் யாரோ ஒருவர் இதையே செய்வதைப் பார்க்கும்போது கோபம் வருகிறது.

ஏஐஐசி நுழைவுத் தேர்வு வைப்பதில்லை. குறைந்தது 150 நாள் மாநாட்டு உரைபெயர்ப்பு செய்திருக்க வேண்டும். பிறகு, சங்கத்தில் சில வருட அனுபவம் உள்ள உறுப்பினர்கள், குறைந்தது மூன்று பேர், உங்கள் வேலையைத் தம் காதால் கேட்டு, 'இவர் இந்த மொழியிலிருந்து இந்த மொழிக்கு நன்றாகச் செய்கிறார்' என்று கையெழுத்திட வேண்டும். அதன்பின் உங்கள் பெயர் உறுப்பினர்கள் எல்லோருக்கும் போகும். யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் சொல்லலாம். கடைசியில் சேர்க்கை மற்றும் மொழி வகைப்பாட்டுக் குழு முடிவெடுக்கும். அந்தக் கையெழுத்துதான் இங்கே தேர்வு. அதைத் திருத்தும் ஆசிரியர் உங்கள் சக ஊழியர்.

இதில் மொழிகளுக்கு மூன்று வகை. 'ஏ' என்றால் தாய்மொழி, அல்லது அதற்குச் சமமாக ஆளும் மொழி. 'பி' தாய்மொழி இல்லை, ஆனாலும் அதற்குள் பேசி வேலை செய்யும் அளவுக்குத் திடமானது. 'சி' முழுமையாக விளங்கும், ஆனால் அதற்குள் பேசி வேலை செய்வதில்லை.

நான் பத்து வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து ஜெனீவா வந்தவள். பள்ளி, பல்கலைக்கழகம் எல்லாம் பிரெஞ்சில்தான். என் 'ஏ' பிரெஞ்சு. ஆங்கிலத்தை 'சி' என்று போட்டால் தனியார் சந்தையில் வேலை குறையும் என்று பலரும் சொன்னார்கள். அங்கே பெரும்பாலும் ஒரே பூத்தில் பிரெஞ்சு, ஆங்கிலம் இரண்டு திசையும் செய்ய வேண்டியிருக்கும். அதனால் ஆங்கிலத்தை 'பி' என்று போட்டுக்கொண்டேன்.

ஒரு நாள் நிதியுதவி பற்றிய கூட்டம். பேச்சாளர் பிரெஞ்சில் 'எவான்த்யுவெல்மோன்' என்ற சொல்லைப் போட்டு, தேவைப்பட்டால் கூடுதல் பணம் ஒதுக்கப்படலாம் என்றார். நான் ஆங்கிலத்தில் 'ஈவென்ச்சுவலி' என்றேன். அதன் பொருள் 'கடைசியில்'. ஆக, நிச்சயமில்லாத பணம் என் வாயில் நிச்சயமாக வரப்போகிற பணமாகிவிட்டது. எதிரே ஒரு பிரதிநிதி தலையை நிமிர்த்தி வேகமாகக் குறிப்பெடுத்தார். பக்கத்தில் இருந்த மூத்த சகா ஒரு தாளில் 'ஒருவேளை!' என்று பெரிதாக எழுதி என் முன்னால் தள்ளினார். உடனே திருத்திச் சொன்னேன். ஆனால் அந்தப் பிரதிநிதி அதற்குள் ஹெட்போனைக் கழற்றிவிட்டிருந்தார்.

அதே சகாவிடம்தான் இரண்டு மாதம் கழித்துக் கையெழுத்துக் கேட்டேன். அவர் என்னைத் திட்டவில்லை. "ஆங்கிலத்திலிருந்து பிரெஞ்சுக்கு இப்போதே போடுகிறேன். பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போட மாட்டேன். போட்டால் நாளைக்கு உங்கள் பிழை என் பிழை" என்றார். அவரைத் தாண்டி வேறு யாரிடமாவது வாங்கிவிடலாம் என்று அலைந்தேன். நான் அணுகிய எல்லோரும் என் பிரெஞ்சைத்தான் காதால் கேட்டிருந்தார்கள். ஆங்கிலத் திசையைக் கேட்டவர் யாரும் இல்லை. இப்படி அலைந்தே இரண்டு வருடம் போனது. ஒரு 'பி'-க்காக முழு விண்ணப்பத்தையும் கட்டிவைத்திருந்தேன். கடைசியில் ஆங்கிலத்தை 'சி' என்று மாற்றிப் போட்டுத்தான் உள்ளே போனேன்.

இப்போது கையெழுத்துப் போடும் இடத்தில் நான் இருக்கிறேன். ஒருவர் தன் மொழியை ஒரு படி ஏற்றிச் சொன்னால், அதை முதலில் சுமப்பது அவரோடு பூத்தில் இருப்பவர். இருவரும் அரை மணிக்கு ஒரு தடவை மாறி மாறிப் பேச வேண்டிய இடத்தில், பலவீனமான திசை முழுவதும் அவர் தலையில் விழும். மற்ற பூத்துகள் ரிலே எடுத்தால், அதாவது மூலப் பேச்சுக்குப் பதில் எங்கள் உரைபெயர்ப்பைக் கேட்டுத் தங்கள் மொழிக்குச் சொன்னால், அந்த ஒரு பிழை ஐந்து மொழியில் போகும். கண்மூடிக் கையெழுத்துப் போடும் உறுப்பினர்களும் இதில் சம பங்காளிகள்தான். அவர்களிடமும் இதையே சொல்லியிருக்கிறேன்.

செய்ய வேண்டியது எளிது. ஒவ்வொரு வேலை முடிந்ததும் தேதி, ஊர், மொழித் திசை, கூட இருந்தவர் பெயர் என்று ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். கூட இருப்பவரிடம் அன்று காலையிலேயே, "இன்றைக்கு என் ஆங்கிலத்தைக் கொஞ்சம் கவனித்துக் கேட்பீர்களா?" என்று கேளுங்கள். மாலையில் அவர் சொல்வதை வாதாடாமல் கேளுங்கள். அந்தத் தம்பியிடமும் இதைத்தான் சொன்னேன். அடுத்த வேலைத் தேதிகளை அனுப்பியிருக்கிறார், அதில் ஒன்றில் நாங்கள் இருவரும் ஒரே பூத்.

உணர்ச்சியில் தமிழை 'ஏ' என்று போடுவது

புலம்பெயர்ந்த பிள்ளைகளிடம் இதைச் சொல்லும்போது எனக்கே மனம் வலிக்கும். சுவிஸில் மருத்துவமனையிலும் அகதி விசாரணையிலும் தமிழில் உரைபெயர்த்துப் பழகியவர்கள் நிறையப் பேர். மிகப் பொறுப்பான வேலை அது. ஆனால் அந்த நாட்கள் 150 மாநாட்டு நாட்களில் சேராது. வரவுசெலவுத் திட்ட விவாதத்தைத் தடங்கலில்லாமல் இருபது நிமிடம் தமிழில் சொல்ல முடிகிறதா என்று உங்களை நீங்களே பதிவு செய்து கேளுங்கள். ஐ.நா.வின் ஆறு அலுவல் மொழிகளில் தமிழ் இல்லை. உங்களைத் தமிழில் கேட்டு உறுதி சொல்லக்கூடிய உறுப்பினர்களைக் கண்டுபிடிப்பதும் இலேசல்ல. இதையெல்லாம் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

கட்டணத்தைச் சங்கம் சொல்லும் என்று காத்திருப்பது

சொல்லாது. ஒரு காலத்தில் குறைந்தபட்ச நாள் கட்டணம் சங்க விதிகளிலேயே இருந்தது. அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையம் 1994-இல் இதன்மேல் வழக்குத் தொடுத்தது. உறுப்பினர்கள் கூடிக் கட்டணம் நிர்ணயிப்பது போட்டிச் சட்டத்துக்கு முரண் என்று 1997-இல் தீர்ப்பளித்தது. ஆகவே தனியார் சந்தையில் உங்கள் விலையை நீங்கள்தான் சொல்ல வேண்டும். பிராந்தியக் கூட்டத்தில் எழுந்து, "எல்லோரும் இவ்வளவுக்குக் குறைய வாங்கக் கூடாது" என்று பேசாதீர்கள். நல்ல எண்ணத்தில் சொன்னாலும் சங்கத்தையே மாட்டிவிடும் பேச்சு அது.

ஐ.நா., ஐரோப்பிய ஒன்றியம் போன்ற அமைப்புகளின் கதை வேறு. அங்கே சங்கத்தின் பேச்சுவார்த்தைக் குழு நிர்வாகத்தோடு உட்கார்ந்து, தற்காலிக உரைபெயர்ப்பாளர்களுக்கான ஊதியத்தையும் வேலை நிபந்தனைகளையும் ஒப்பந்தமாக்குகிறது. ஐ.நா. ஒப்பந்தத்தின் பலன் உறுப்பினர் அல்லாதவருக்கும் கிடைக்கிறது. அந்த மேசையில் உங்களுக்காகப் பேசுகிறவரும் ஒரு சக உரைபெயர்ப்பாளர்தான்.

வேலை கிடைக்கும் ஊருக்கெல்லாம் உள்ளூர்க்காரர் ஆவது

தொழில் முகவரி ஒன்றே ஒன்றுதான்.

பூத்தில் தனியாக உட்கார ஒப்புக்கொள்வது

முடியாது என்று சொல்லுங்கள்.

கேட்டதை வெளியே சொல்வது

மூடிய கூட்டத்தில் கேட்டதை வீட்டிலும் சொல்லக் கூடாது.

சேர்ந்தபின் வாக்களிக்காமல் இருப்பது

உள்ளே வருவதற்கு அவ்வளவு பாடுபட்டுவிட்டு, சந்தாவைக் கட்டிப் பெயரைப் பட்டியலில் பார்த்ததும் ஒதுங்கிவிடுகிறவர்கள் உண்டு. சைகைமொழியில் மாநாட்டு உரைபெயர்ப்பு செய்பவர்களுக்கு 2012-இல் சங்கத்தின் கதவு திறந்தது. உறுப்பினர்கள் வந்து உட்கார்ந்து பேசி முடிவெடுத்ததால் வந்த மாற்றம் அது. இப்போது வீட்டிலிருந்து திரை வழியாக வேலை செய்வது, ஒலித் தரம் மோசமாக இருந்து காது பாதிக்கப்படுவது, இயந்திர உரைபெயர்ப்பு என்று பேச வேண்டியது குவிந்து கிடக்கிறது. மோசமான ஒலியை நாள் முழுக்க அதிகம் கேட்பது இளையவர்கள்தான். கூட்டத்துக்கு வந்து அதைச் சொல்ல வேண்டியவர்களும் அவர்களே.

முதல் வருடமே பிராந்தியக் கூட்டத்துக்குப் போங்கள். நிகழ்ச்சி நிரலை முன்கூட்டியே வாசியுங்கள். அதில் வரவுசெலவுப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள், எந்தக் குழுவுக்குப் பணம் குறைகிறது என்பது அங்கேதான் தெரியும். பொதுச்சபை வரும் வருடத்தில் திருத்தத் தீர்மானங்களின் வரைவு முன்னதாகவே கைக்கு வரும். பூத்தில் அடுத்த நாள் கூட்டத்துக்கு ஆவணம் படிப்பதுபோல, பென்சிலோடு உட்கார்ந்து அதைப் படியுங்கள்.