டிரையர் வாங்கும் முன் ட்யூ பாயின்ட்டை முடிவு செய்யுங்கள்

ஆலைக்கு அழுத்தக் காற்று தரும் கம்ப்ரஸரைத் தேர்ந்தெடுக்க மாதக்கணக்கில் பேசுகிறவர்கள், அந்தக் காற்றின் ஈரத்தை எடுக்கும் டிரையரை ஆர்டரின் கடைசி வரியில் சேர்த்துவிடுகிறார்கள். கம்ப்ரஸர் அறையிலேயே வேலை பார்க்கும் எனக்கு இது பெரிய ஆதங்கம். தவறான டிரையர் ஒன்று வந்துவிட்டால், நல்ல கம்ப்ரஸரால் மிச்சமாகும் கரன்ட்டை அதுவே தின்றுவிடும்.

எந்த மெஷினுக்கு எவ்வளவு உலர்ந்த காற்று வேண்டும்? இதற்குப் பதில் தெரியாமல் கேட்டலாக்கைத் திறக்க வேண்டாம். லைனில் இருக்கும் அழுத்தத்தில், எந்த வெப்பநிலைக்குக் குளிர்ந்தால் காற்றிலுள்ள ஈரம் நீராகத் தொடங்குமோ, அதுதான் பிரஷர் ட்யூ பாயின்ட். அழுத்தக் காற்றின் தூய்மைக்கான ஐ.எஸ்.ஓ. 8573-1 தரத்தில் நீருக்கான 4-ஆம் வகுப்பு என்றால் +3 டிகிரி செல்சியஸ், 2-ஆம் வகுப்பு என்றால் −40, 1-ஆம் வகுப்பு −70. சிலிண்டர், வால்வ், கைக் கருவிகள் போன்ற பொதுவான வேலைக்கு +3 போதும். காற்றைக் குளிர்வித்து ஈரத்தை நீராகப் பிரிக்கும் ரெஃப்ரிஜிரேட்டட் டிரையர் அதைத் தந்துவிடும். அதற்குக் கீழே போனால் உள்ளே நீர் உறையும் என்பதால், −40 வேண்டுமென்றால், ஈரத்தை உறிஞ்சும் பொருள் (டெசிகன்ட்) நிரப்பிய டெசிகன்ட் டிரையருக்குத்தான் போக வேண்டும்.

பைப் போகும் பாதையையும் நடந்து பாருங்கள். வழியில் எங்கே அதிகக் குளிர் இருக்கிறதோ, அந்த வெப்பநிலையைவிடச் சுமார் 10 டிகிரி குறைவாக ட்யூ பாயின்ட் இருந்தால் நிம்மதி. குளிர்பதன அறைக்குள் போகும் லைனுக்கு +3 உதவாது.

“எதற்கும் இருக்கட்டும், எல்லாவற்றுக்கும் −40 போட்டுவிடலாம்” என்று பலர் சொல்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். ஹீட்டர் இல்லாத ஹீட்லெஸ் டெசிகன்ட் டிரையர், டெசிகன்ட் நிரப்பிய தன் இரண்டு டவர்களில் ஓய்வில் இருப்பதைக் காயவைக்க, மதிப்பிட்ட கொள்ளளவில் 15 முதல் 20 சதவீதம் வரை உலர்ந்த காற்றையே வெளியே விடுகிறது. இதைத்தான் பர்ஜ் என்கிறோம். 1000 சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு 1000 கன அடி) டிரையர் என்றால் குறைந்தது 150 சி.எஃப்.எம். போய்விடும். 7 பார் அழுத்தத்தில் 100 சி.எஃப்.எம்.முக்குச் சுமார் 18 கிலோவாட் என்று வைத்தால், பர்ஜுக்கு மட்டும் 27 கிலோவாட். வருடத்துக்கு 8000 மணி நேரம் ஓடினால் 2 லட்சம் யூனிட்டைத் தாண்டும். அதே அளவு ரெஃப்ரிஜிரேட்டட் டிரையர் பொதுவாக 8 கிலோவாட்டுக்குள் முடித்துவிடும்.

இன்னொன்று, டைமரில் ஓடும் டிரையர் உங்கள் உண்மையான தேவையைப் பார்க்காது. ஆலை பாதி காற்றே எடுத்தாலும் பர்ஜ் அதே அளவுதான். அப்போது அது ஓடும் காற்றில் 30 சதவீதம் ஆகிவிடுகிறது! அதனால் டெசிகன்ட் டிரையர் கட்டாயம் என்றால், ட்யூ பாயின்ட்டை அளந்து டவர் மாற்றும் கன்ட்ரோலைக் கேட்டு வாங்குங்கள். பெரிய அளவுக்கு ஹீட்டர் உள்ளது நல்லது. பர்ஜ் 7, 8 சதவீதத்துக்கு இறங்கும். வெளிக்காற்றை ஊதிக் காயவைக்கும் புளோவர் வகையில் அதைவிடக் குறைவு. ஆயில்-ஃப்ரீ கம்ப்ரஸர் வைத்திருப்பவர்கள் ஹீட் ஆஃப் கம்ப்ரஷன் டிரையரை முதலில் விசாரிக்கலாம். கம்ப்ரஸரிலிருந்து வரும் சூட்டிலேயே டெசிகன்ட் காய்ந்துவிடும். −40 தேவைப்படுவது ஒரு சின்னப் பகுதிக்கு மட்டும் என்றால், மெயின் லைனுக்கு ரெஃப்ரிஜிரேட்டட், அந்தப் பகுதிக்குத் தனியாகச் சிறிய டெசிகன்ட் என்று பிரிப்பதே என் முதல் யோசனை.

ரெஃப்ரிஜிரேட்டடிலும் வித்தியாசம் உண்டு. சாதாரண வகை, லோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஏறக்குறைய ஒரே கரன்ட்டை இழுக்கும். ஷிஃப்ட்டுக்கு ஷிஃப்ட் தேவை மாறும் இடத்தில் லோடு குறைந்தால் நின்று நின்று ஓடும் சைக்ளிங் வகையோ, வேகம் மாறும் மோட்டார் உள்ளதோ எடுங்கள். எப்போதும் முழு லோடில் ஓடும் ஆலைக்கு அதில் பெரிய லாபம் இல்லை.

அப்புறம், கேட்டலாக்கில் உள்ள கொள்ளளவு எந்த நிலைமைக்கு என்று பாருங்கள். பெரும்பாலும் உள்ளே வரும் காற்று 35 டிகிரி, 7 பார் என்று இருக்கும். 35 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 40 கிராம் நீரைத் தாங்கும். 45 டிகிரியில் 65 கிராம். கம்ப்ரஸரிலிருந்து வரும் சூடான காற்றைக் குளிர்விக்கும் ஆஃப்டர்கூலர் அழுக்கேறி, கம்ப்ரஸர் அறையும் புழுங்கினால், டிரையர் திணறத்தான் செய்யும். பெரிய டிரையரை வாங்குவதற்கு முன் கூலரைச் சுத்தம் செய்து, அறைக்குக் காற்றோட்டம் கொடுங்கள். அதற்குப் பிறகும் மிகக் கோடையான நாளின் வெப்பநிலையை வைத்துத்தான் கொள்ளளவைத் திருத்தும் கரெக்ஷன் ஃபேக்டர் போட வேண்டும்.

காற்று கடந்து போகும்போது குறையும் அழுத்தத்தையும் (பிரஷர் டிராப்) எழுத்தில் கேளுங்கள், டிரையருக்கும் அதன் முன்பின் ஃபில்டர்களுக்கும் சேர்த்து. அந்த இழப்பை ஈடுகட்ட கம்ப்ரஸர் செட்டிங்கை 1 பார் ஏற்றினால் மின்சாரம் 6, 7 சதவீதம் கூடும். சேரும் நீரை வெளியேற்றும் டிரெய்ன் விஷயத்தில் டைமர் வால்வ் வேண்டாம். தண்ணீர் இல்லாதபோதும் திறந்து காற்றை விட்டுவிடும். மட்டத்தை உணர்ந்து திறக்கும் ஜீரோ-லாஸ் டிரெய்னை ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள்.