நாயுடன் காரில் நெடுந்தொலைவு செல்வோர் கவனிக்க வேண்டியவை

கோடையில் சென்னையிலிருந்து ஏற்காட்டுக்கு நாயையும் காரில் அழைத்துச் செல்ல நினைப்பவர்கள், வண்டிக்குள் அதன் இடம் எது என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். மடியில் வைத்துக்கொள்வதும், பின்னிருக்கையில் விருப்பம்போல் உலவ விடுவதும் கூடாது. மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் எதிலாவது மோதி நின்றால், கட்டப்படாத நாய் அதே வேகத்தில் முன்னோக்கி வீசப்படும். அந்த அடி ஏறத்தாழ 10 மீட்டர், அதாவது மூன்று மாடி உயரத்திலிருந்து விழுவதற்கு ஒப்பானது. 25 கிலோ எடையுள்ள லாப்ரடார் அப்படி வந்து மோதினால், முன்னால் அமர்ந்திருப்பவரின் கழுத்தும் தப்பாது. முன்னிருக்கையோ இன்னும் மோசம். ஏர்பேக் மனித உடலைக் கணக்கில் கொண்டு அமைக்கப்பட்டது, அது விரியும் வேகமே நாயின் உயிரைப் பறித்துவிடக்கூடும்.

நடுத்தர, பெரிய நாய்களுக்கு மார்பைச் சுற்றி அகலமாகப் பிடிக்கும் ஹார்னஸை அணிவித்து, அதைப் பின்னிருக்கையின் சீட் பெல்ட்டுடன் குட்டையான வாரால் இணைக்க வேண்டும். நாய் எழவும் படுக்கவும் திரும்பவும் முடிந்தால் போதும். இருக்கையைத் தாண்டிக் கீழே விழும் அளவுக்கு வார் நீளக் கூடாது. கழுத்துப்பட்டையில் ஒருபோதும் கட்ட வேண்டாம், ஏனெனில் திடீரென பிரேக் போட்டால் முழு இழுவிசையும் குரல்வளையில் இறங்கும். சிறிய நாய்களுக்குக் கெட்டியான கூண்டே நல்லது என்பது என் கருத்து, ஆனால் கூண்டையும் அசையாதபடி கட்டியாக வேண்டும். கண்ணாடிப் பொத்தானை நாய் மிதித்துவிடும் என்பதால் ஓட்டுநர் பக்கத்திலிருந்து அதைப் பூட்டிவையுங்கள். தலையை வெளியே நீட்டிக் காற்று வாங்குவதை நாய் விரும்பும் என்பது உண்மைதான். ஆயினும் தூசியும் கல்லும் கண்ணில் அடிக்கும், லாரிகள் உரசிச் செல்லும் நம் சாலைகளில் அதை அனுமதிக்கவே கூடாது.

இந்த ஏற்பாடுகளைப் பயண நாளன்று தொடங்கினால் நாய் மிரளும். சில வாரங்களுக்கு முன்பே ஹார்னஸை வீட்டில் அணிவித்தும், நின்றிருக்கும் காரில் உட்கார வைத்தும், பிறகு தெருமுனை வரை ஓட்டியும் பழக்க வேண்டும். கிளம்புவதற்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பே உணவை நிறுத்திவிட்டால் வாந்தி குறையும். ஏற்காட்டு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. பயணத்தில் வாந்தி எடுக்கும் நாய்க்கு மருந்தைக் கால்நடை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். வீட்டிலுள்ள மாத்திரைகளைக் கொடுக்க வேண்டாம், நமக்கு வலி தீர்க்கும் இபுப்ரோஃபென் நாயின் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

எல்லாவற்றிலும் கொடியது வெப்பம். நாய்க்கு உடல் முழுதும் வியர்ப்பதில்லை, பெரும்பாலும் மூச்சிரைத்தே அது சூட்டைத் தணித்துக்கொள்கிறது. சுற்றியுள்ள காற்றே சுட்டால் அந்த வழியும் அடைபடும். வெயிலில் நிறுத்திய கார்களை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மருத்துவர்கள் அளந்து 2005-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு மணி நேரத்தில் உள்வெப்பம் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் உயர்ந்தது; அதில் ஐந்தில் நான்கு பங்கு முதல் அரை மணி நேரத்திலேயே ஏறியது. கண்ணாடியைச் சிறிது இறக்கி வைத்ததால் பெரிய பயன் விளையவில்லை. ஆகவே ‘ஒரு காபி குடித்துவிட்டு வந்துவிடலாம்’ என்று நாயைப் பூட்டிச் செல்லாமல், ஒருவர் மாற்றி ஒருவர் அதனுடன் இருங்கள். பக், புல்டாக், ஷிட்சு போன்ற தட்டை மூக்கு நாய்கள் மிக விரைவில் பாதிக்கப்படும் என்பதால், அவற்றுடன் செல்வோர் விடியுமுன் கிளம்பி, வெயில் ஏறுவதற்குள் பெரும்பகுதியைக் கடந்துவிடுவது நல்லது.

நிற்காத மூச்சிரைப்பு, கெட்டியான எச்சில், அடர்சிவப்பான ஈறு, தள்ளாட்டம் ஆகியவை வெப்பத்தாக்கின் அறிகுறிகள். உடனே நிழலுக்குக் கொண்டுசென்று, கையிலிருக்கும் குளிர்ந்த நீரை உடல் முழுவதும் ஊற்றி, விசிறிவிடுங்கள். ஈரத் துண்டால் போர்த்தினால் சூடு உள்ளேயே தங்கிவிடும். முதலில் உடலைக் குளிர்விக்க வேண்டும், பிறகு ஏசியை முழுதும் வைத்து மருத்துவரிடம் விரைய வேண்டும். வழியிலுள்ள ஊர்களின் கால்நடை மருத்துவமனைகளைக் கிளம்புமுன்பே குறித்துவைத்திருந்தால் அந்த நேரத்தில் தேடி அலைய வேண்டியிராது.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தித் தண்ணீர் கொடுங்கள். கதவைத் திறக்குமுன் கயிற்றைக் கையில் பிடித்துக்கொள்வது கட்டாயம்; நெடுஞ்சாலை உணவகங்களில் தெருநாய்கள் சூழ்ந்தால், மிரண்ட நாய் சாலைக்கே ஓடும். தார்ச்சாலையில் புறங்கையை ஏழு விநாடி வைக்க முடியவில்லை என்றால் அதன் பாதமும் வெந்துபோகும். கழுத்துப்பட்டையில் உங்கள் கைபேசி எண்ணும், பையில் வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்றும் இருக்கட்டும்.

புல்வெளியில் இறக்கிய ஒவ்வொரு முறையும், தங்குமிடம் சேர்ந்த பிறகும், காதுக்குள்ளும் விரலிடுக்குகளிலும் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். ஊர் திரும்பிய இரண்டு மூன்று வாரங்களுக்குள் நாய் உணவை மறுத்தாலோ காய்ச்சலுடன் சோர்ந்தாலோ, உண்ணிக் காய்ச்சலுக்கான ரத்தப் பரிசோதனையைத் தாமதிக்காமல் செய்துவிடுங்கள்.