கிணற்றுக் கணக்கு தப்பினால்: நெடுந்தொடர் நாவல்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாளையங்கோட்டையில் ஒரு சின்ன வாசகர் கூட்டம். என் மாயக்கதைத் தொடரின் நான்காம் பாகம் வந்திருந்த நேரம். பின்வரிசையில் இருந்து பத்தாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை ஒருத்தி எழுந்து கேட்டாள்: “சார், பேச்சி இதுவரைக்கும் ஆத்தை 14 தடவை கூப்பிட்டிருக்கா. ஆனா 12 கிணறுதானே வத்தியிருக்கு?”

என்னிடம் பதில் இல்லை. பேச்சி என் கதாநாயகி. வயல்களுக்குத் தண்ணீர் திருப்பிவிடும் நீர்பாய்ச்சி ஒருவரின் மகள். ஆற்றோடு பேசுவாள், அவள் கூப்பிட்டால் தண்ணீர் திசைமாறி வரும். ஆனால் ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும் அவள் ஊரில் ஒரு கிணறு வற்றும். ஊரில் மொத்தம் 21 கிணறுகள். முதல் பாகத்தின் இரண்டாம் அத்தியாயத்தில் நானே வைத்த விதி இது. வீட்டுக்கு வந்து நாலு பாகத்தையும் விரித்துவைத்து விடியவிடிய எண்ணினேன். பிள்ளை சொன்னது சரி. நான்காம் பாகத்தில் இரண்டு இடங்களில் கதை சிக்கிக்கொண்ட அவசரத்தில் பேச்சியைச் சும்மா கூப்பிட வைத்திருந்தேன். தண்ணீர் வந்துவிட்டது, எந்த வீட்டுக் கிணறும் வற்றவில்லை.

அந்தப் பாகம் ஏன் சப்பென்று இருந்தது என்று அன்றைக்குத்தான் விளங்கியது. அதுவரை ‘நாலு பாகம் ஆகிவிட்டது, இனிச் சலிக்கத்தான் செய்யும்’ என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். தொடர்கள் நீளத்தால் பழசாவதில்லை. பாத்திரங்கள் பட்டது எதுவும் அவர்கள் மேல் தங்காமல் போகும்போதுதான் பழசாகின்றன. அறிவியல் புனைவோ மாயப் புனைவோ, பாகம் பாகமாக எழுதுகிறவர்கள் செய்கிற தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு வேரிலிருந்துதான் கிளைக்கின்றன.

முதலில் எதிரியைப் பெரிசாக்கிக்கொண்டே போவது. முதல் பாகத்தில் ஊருக்கு ஆபத்து, அடுத்ததில் நாட்டுக்கு, அப்புறம் பூமிக்கு, அதற்கப்புறம் எல்லா அண்டங்களுக்கும். எழுதுகிறவனுக்கு இது ஏறுமுகமாகத் தெரியும். படிக்கிறவருக்கு ஒவ்வொரு படியிலும் பயம் குறையும். பூமியைக் காப்பாற்றியவன் அண்டத்தையும் காப்பாற்றிவிடுவான் என்று தெரிந்த பிறகு என்ன பதைப்பு இருக்கும்?

எதிர்த்திசையில் போனவர் உர்சுலா லெ குவின். அவருடைய எர்த்சீ வரிசையின் மூன்றாம் நூல் வந்தது 1972-இல். அதன் முடிவில் கெட் என்ற மாபெரும் மந்திரவாதி உலகத்தைக் காப்பாற்றத் தன் சக்தி முழுவதையும் செலவழித்துவிடுகிறான். நான்காம் நூலான ‘தெஹானு’ 1990-இல் வந்தது. இடையில் 18 வருடம். வாசகர்கள் கெட்டின் அடுத்த சாகசத்துக்குக் காத்திருந்திருப்பார்கள். லெ குவினோ அவனுக்குப் போன சக்தியைத் திருப்பித் தரவில்லை. அவன் வெட்கப்படுகிறான், ஒளிகிறான், மலையேறி ஆடு மேய்க்கப் போகிறான். கதை நடப்பது ஒரு நடுவயதுப் பெண்ணின் வீட்டில். பாத்திரம் கழுவுவதும், தீயில் வெந்த ஒரு குழந்தையைத் தேற்றி வளர்ப்பதும்தான் அங்கே அன்றாடம். அதே உலகம், அதே மனிதர்கள், ஆனால் முதல் மூன்று நூல்களும் கவனிக்காமல் விட்ட அடுப்படியிலிருந்து பார்க்கிறோம். ஒரு தொடரை இதைவிடத் துணிச்சலாகப் புதுப்பித்த வேறொரு நூலை நான் படித்ததில்லை.

அடுத்தது செத்தவரை எழுப்புவது. இதில்தான் நான் அதிகம் அடிபட்டேன்.

பேச்சியின் அண்ணன் சுடலை இரண்டாம் பாகத்தில் செத்துப்போனான். எல்லாருக்கும் பிடித்த பாத்திரம். கடிதம் போட்டவர்கள், போனில் கூப்பிட்டவர்கள் எல்லாரும் அவனைத்தான் கேட்டார்கள். மனசு இளகி மூன்றாம் பாகத்தில் ஒரு மூலிகையைக் கண்டுபிடித்து அவனை எழுப்பிவிட்டேன். சந்தோஷப்படுவார்கள் என்று நினைத்தேன். சந்தோஷம்தான், ஆனால் அதற்குப் பிறகு என் கதையில் யார் சாகக் கிடந்தாலும் யாரும் பதறவில்லை. “அந்த மூலிகைதான் இருக்குல்லா அண்ணாச்சி” என்றார் நண்பர் ஒருவர். பொதிகை முழுக்க அந்த மூலிகை முளைத்துக் கிடப்பதுபோல ஆகிவிட்டது.

இதற்கு விடை எங்கள் ஊர்க் கோயில் கொடை விழாக்களிலேயே இருந்தது. விடியவிடிய நடக்கும் வில்லுப்பாட்டில் முத்துப்பட்டன் கதையை எத்தனை முறை கேட்டிருப்பேன்! வீசுகோல் நாணில் விழுந்து மணிகள் குலுங்கும். உடுக்கும் குடமும் சேர்ந்துகொள்ளும். உட்கார்ந்திருக்கும் அத்தனை பேருக்கும் கதை தெரியும். பட்டன் செருப்புத் தைக்கிறவரின் மகள்களான பொம்மக்காவையும் திம்மக்காவையும் கட்டுவதற்காகப் பிறந்த குலத்தை விட்டு வருவான், செருப்புத் தைக்கப் படிப்பான், மாடு கவர வந்தவர்களோடு சண்டையிட்டுச் சாவான். போன வருடமும் செத்தான், அடுத்த வருடமும் சாவான். ஆனாலும் அந்த இடம் வந்ததும் பெண்கள் முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைப்பார்கள். எந்தப் புலவரும் அவனை எழுப்பி உட்காரவைத்ததில்லை.

ஆனால் பட்டன் திரும்பி வரத்தான் செய்கிறான், சாமியாக. பாபநாசத்துக்கு மேலே சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனுக்கு இன்றும் செருப்புதான் காணிக்கை. கட்டப்போகிற பெண்களுக்காக அவன் கையில் எடுத்த வேலை, செத்த பிறகும் அவனை விடவில்லை. நம் பக்கத்துக் கதைமரபு மாண்டவனைப் பழைய ஆளாகத் திருப்பி அனுப்பாது. அவன் வேறொன்றாகத்தான் வருவான், தான் பட்டதைச் சுமந்துகொண்டுதான் வருவான். தொடர் எழுதுகிறவர்கள் சுவரில் எழுதி ஒட்டிவைக்க வேண்டிய பாடம் இது. ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் ‘டியூன்’ வரிசையிலும் இதே மாதிரி ஒன்று உண்டு. மூன்றாம் நூலில் லெட்டோ என்ற சிறுவன் பாலைவனப் புழுவின் உயிர்த்தோலைத் தன் உடலோடு சேர்த்துக்கொள்கிறான். 1981-இல் வந்த நான்காம் நூல் ஏறத்தாழ 3,500 வருடம் தாண்டித் தொடங்குகிறது. அவன் இன்னும் உயிரோடு ஆள்கிறான், ஆனால் முக்கால்வாசிப் புழுவாகிவிட்டான். கொடுத்த விலை உடம்பிலேயே தெரிகிறது.

கிளைக்கதைகள் பெருகுவது இன்னொன்று. தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள். கன்னடியன் கால், கோடகன் கால், பாளையங்கால், நெல்லைக் கால்வாய் என்று அங்கங்கே பிரிந்து வயலுக்குப் போகிறது. எத்தனை கால் பிரித்தாலும் கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்ததா என்பதுதான் விவசாயியின் கேள்வி. ராபர்ட் ஜோர்டனின் ‘வீல் ஆஃப் டைம்’ 1990-இல் தொடங்கி 14 பாகம் ஓடியது. 2003-இல் வந்த பத்தாம் பாகம் வாசகர்களிடம் நிறைய ஏச்சு வாங்கியது. ஒன்பதாம் பாகத்தின் கடைசியில் ஒரு மாபெரும் சம்பவம் நடந்திருந்தது. அது நடந்த நேரத்தில் மற்றவர்கள் அவரவர் இடத்தில் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று சொல்வதிலேயே பத்தாம் பாகத்தில் பெரும்பகுதி கழிந்தது. பிரித்த கால்களுக்கெல்லாம் தண்ணீர் காட்டுவதிலேயே ஒரு பாகம் தீர்ந்துவிட்டது. புதிதாக ஒரு பாத்திரத்தைக் கொண்டுவரும்போது, இவன் எந்தப் பாகத்தில் முடிகிறான் என்று அன்றைக்கே எழுதிவைத்துக்கொள்வது நல்லது.

கிளை பிரித்தும் வறளாமல் ஓடிய தொடரும் உண்டு. டெர்ரி பிராட்செட் டிஸ்க்வேர்ல்டில் 41 நாவல்கள் எழுதினார், முதலாவது 1983, கடைசி 2015. சூனியக்காரிகளுக்குச் சில, நகரக் காவலர்களுக்குச் சில, மரணதேவனுக்குச் சில என்று ஒரே உலகத்தில் தனித்தனி வாசல்கள் வைத்தார். பெரும்பாலான நாவல்களில் ஒரு கதை தொடங்கி அங்கேயே முடிந்தும் விடும். அதனால் புதிதாக வருகிறவர் முதல் நாவலிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும் என்பதில்லை. தமிழில் சுஜாதாவும் பார்வையை மாற்றிக் காட்டியிருக்கிறார். ‘என் இனிய இயந்திரா’வில் கூட வந்த இயந்திர நாய்க்கு, அடுத்த நூலான ‘மீண்டும் ஜீனோ’வில் தலைப்பிலேயே இடம் கொடுத்தார்.

முன்கதைச் சுருக்கத்தைப் பாத்திரங்களின் வாயில் திணிக்காதீர்கள். வாரப் பத்திரிகைகள் அதைத் தனிக்கட்டம் போட்டு எட்டு வரியில் முடித்தன. அண்ணனும் தங்கையும் தங்களுக்குத் தெரிந்த கதையை ஒருவருக்கொருவர் முப்பது பக்கம் சொல்லிக்கொள்வதைவிட அது எவ்வளவோ மேல்.

நோட்டு ஒன்று கட்டாயம் வேண்டும். அந்தக் கூட்டத்துக்கு மறுநாள் டவுனில் கணக்குப்பிள்ளைகள் வைத்திருக்கிற மாதிரி நீள நோட்டு ஒன்று வாங்கினேன். இடப்பக்கம் பேச்சி எப்போது கூப்பிட்டாள், வலப்பக்கம் யார் வீட்டுக் கிணறு. யாருக்கு எந்தக் கையில் தழும்பு, எந்த வருடம் யாருக்கு என்ன வயது, எல்லாம் அதில் இருக்கிறது. பாக்கி நின்ற இரண்டு கிணற்றையும் ஐந்தாம் பாகத்தில் வசூலித்தேன். ஒரு கல்யாண வீட்டில் சமையல் நடந்துகொண்டிருக்கும் ராத்திரியில் இரண்டும் ஒன்றாக வற்றுகின்றன. வாளி தரையில் மோதுகிற சத்தம் கேட்டுச் சமையல்காரர் கயிற்றை மேலே இழுக்கிறார், வெறும் சேறு. பந்தலில் இருக்கிற அத்தனை பேரும் பேச்சியைத் திரும்பிப் பார்க்கிறார்கள். நான் எழுதியதில் எனக்குப் பிடித்த அத்தியாயம் அதுதான். சுடலையும் அதே பாகத்தில் மூலிகையின் வீரியம் தீர்ந்து மறுபடி போனான். இப்போது கரையோரப் பீடத்தில் நிற்கிறான். தங்கை வந்து கேட்டால் எல்லா நேரமும் பதில் சொல்லிவிடுவதில்லை.

கடைசியாக, முடிவை எழுதாமல் நாளைக் கடத்துவது. ஜோர்டன் 2007-இல் காலமானபோது தொடர் முடிந்திருக்கவில்லை. ஆனால் குறிப்புகளை விட்டுச் சென்றிருந்தார், கடைசிக் காட்சியை எழுதியும் வைத்திருந்தார். அவற்றை வைத்து பிராண்டன் சாண்டர்சன் மூன்று பாகங்களில் முடித்தார், 2013-இல் கடைசிப் பாகம் வந்தது. அதைப் படித்த அன்றே நானும் என் கடைசிப் பக்கத்தை எழுத உட்கார்ந்தேன். அது அந்த நீள நோட்டின் பின்னட்டைக்குள் மடித்துக் கிடக்கிறது. 20 கிணறு வற்றிவிட்டது. மிச்சம் இருப்பது பேச்சியின் ஆச்சி வீட்டுக் கிணறு. விடிகிற நேரம், ஆச்சி வாளியை இறக்கிக்கொண்டிருக்கிறாள். பேச்சி ஆற்றங்கரையில் நிற்கிறாள், இன்னும் வாய் திறக்கவில்லை.